ராத்திரி நடக்குற ஆளும் அடாஸ் போட்ட காரும்

தைப்பூசம் நெருங்குனா எங்க வீட்டு வாட்ஸாப் குரூப்ல ரெண்டு விஷயம் தான் ஓடும். யாரு யாரு இந்த வருஷம் பழனிக்கு நடக்குறா, குன்றக்குடில இருந்து காவடி என்னைக்கு கெளம்புது, சிங்கம்புணரில எங்க தங்குறதுங்குறது ஒன்னு. ஒளிர்ற ஜாக்கெட் எத்தனை ஆர்டர் போடணும், யாருக்கு என்ன சைஸ்ங்குறது இன்னொன்னு. இந்த வருஷம் மூணாவதா ஒன்னு சேந்துச்சு. எங்க மச்சான் புது கார் எடுத்திருக்காரு, டாப் வேரியன்ட், அடாஸ் (கேமரா, ரேடார வச்சு ரோட்ட பாத்து ஓட்டுறவருக்கு தானா உதவுற வசதிக) எல்லாம் இருக்கு, "இனிமே எதுத்தாப்ல ஆளு வந்தா வண்டியே பிரேக் போட்டுக்கும், நடக்குறவங்களுக்கு ஒன்னும் ஆகாது, நீங்க நிம்மதியா நடங்க"ன்னு குரூப்ல ஒரு வீடியோவும் போட்டு விட்டாரு. வீடியோல பட்டப்பகல், வெள்ளை வெளேர்னு கோடு போட்ட ரோடு, நடுவுல ஒரு பொம்மை, கார் போய் டக்குனு நிக்குது. எங்க ஆத்தா உடனே கைகூப்புற எமோஜி ஒன்னு.

எனக்கு அதுல மனசு ஒப்பல. ஏன்னா நம்ம ஆளுக நடக்குறது பட்டப்பகல்ல இல்லயே. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாதி தூரத்த கடந்துரணும்னு ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கே கெளம்பிருவாங்க, எங்க சிவகங்கை மாவட்டத்து திருப்பத்தூர் தாண்டிட்டா ரெண்டு பக்கமும் ஒரு லைட் கெடையாது, தை மாசத்து பனி வேற. அந்த நேரத்துல அந்த ரோட்டுல கார்ல இருக்குற மூளை நம்ம ஆளப் பாக்குமா பாக்காதா, இது தான் என் கேள்வி. ஷோரூம்ல இத கேட்டா "சார் ஃபைவ் ஸ்டார் சார்"ங்குறாங்க. நான் கேட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அத அப்புறம் சொல்றேன்.

முதல்ல இந்த சமாச்சாரம் எப்படி வேல செய்யுதுன்னு பாத்துருவோம். முன் கண்ணாடிக்குப் பின்னாடி, ரியர் வியூ மிரர் கிட்ட ஒரு கேமரா இருக்கும். சில வண்டில அதோட பம்பர் பக்கம் ஒரு ரேடாரும் இருக்கும், பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ரேடார் தூரத்தையும் வேகத்தையும் கரெக்டா சொல்லிரும், இருட்டு மழை எல்லாம் அதுக்கு பெருசா கணக்கில்ல, ஆனா இரும்புல பட்டு திரும்புற மாதிரி மனுஷ ஒடம்புல பட்டு பலமா திரும்பாது. அதனால முன்னாடி இருக்குறது ஆளா, குப்பத் தொட்டியா, மாடான்னு முடிவு பண்றதுல பெரும் பங்கு கேமராவோடது. கேமராவுக்கு வெளிச்சம் வேணும். லட்சக்கணக்கான படங்கள காட்டி இது ஆளு இது ஆளு இல்லன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க, அந்த உருவம் மாதிரியே இருந்தா தான் பிரேக். இல்லன்னா அது கண்ணுல பட்டும் படாத மாதிரி தான்.

நம்ம ஊர்ல இதெல்லாம் சமீபத்துல வந்தது தான். 2020ல எம்ஜி குளோஸ்டர்ல வந்துச்சு, 2021ல எக்ஸ்யுவி 700ல வந்த பிறகு தான் எல்லார் வாயிலயும் அடாஸ்ங்குற வார்த்த பொழங்க ஆரம்பிச்சுச்சு. 2024 டிசம்பர்ல வந்த புது அமேஸ்ல பத்து லட்சத்துக்குள்ளயே குடுத்துட்டாங்க. நல்லது தான், நான் வேணாம்னு சொல்ற ஆளு இல்ல.

ஆனா அமெரிக்கால ஐஐஹெச்எஸ்னு ஒரு அமைப்பு, இன்சூரன்ஸ் கம்பெனிக காசுல நடக்குறது, காரெல்லாம் இடிச்சுப் பாத்து மார்க் போடுறவங்க. அவங்க 2022ல ஒரு ஆய்வு விட்டாங்க. ஆளப் பாத்து தானா பிரேக் போடுற வசதி இருக்குற வண்டிக, நடந்து போறவங்கள இடிக்குறது 27 சதவீதம் கம்மின்னு வந்துச்சு. சந்தோஷம். அதே ஆய்வுல அடுத்த வரி, தெரு விளக்கு இல்லாத இருட்டு ரோட்டுல அந்த வசதி இருந்தாலும் இல்லாட்டியும் ஒரு வித்தியாசமும் தெரியலன்னு. அதாவது திருப்பத்தூர் தாண்டுன பிறகு நம்ம ரோடு எப்படி இருக்குமோ அந்த மாதிரி ரோட்டுல. அதுக்கப்புறம் தான் அவங்க ராத்திரி டெஸ்ட்டுன்னு தனியா ஒன்னு ஆரம்பிச்சாங்க. ஐரோப்பால இதே மாதிரி கார சோதிச்சு ஸ்டார் குடுக்குற யூரோ என்சிஏபி 2018லயே ராத்திரில ஆளு கடக்குற டெஸ்ட்ட சேத்துட்டாங்க.

இது கூட பரவாயில்ல. 2025 ஜனவரில அந்த ஐஐஹெச்எஸ்காரங்களே இன்னொன்னு விட்டாங்க பாருங்க, அத படிச்சுட்டு தான் இத எழுதவே உக்காந்தேன். மூணு எஸ்யூவிய எடுத்துக்கிட்டு, ராத்திரில, மணிக்கு 40 கிமீ வேகத்துல, ஆளு மாதிரி பொம்மைய ரோட்ட கடக்க விட்டிருக்காங்க. ஒரு தடவ பொம்மைக்கு கருப்பு டிரஸ், ஒரு தடவ வெள்ளை, ஒரு தடவ ஒளிர்ற ஜாக்கெட், ஒரு தடவ ரோடு வேல பாக்குறவங்க போடுற மாதிரி ஒளிர்ற பட்டை வரிவரியா. மூணுல ஒரு வண்டி ஏறக்குறைய எல்லா தடவையும் இடிக்காம தப்பிச்சுருச்சு. மத்த ரெண்டும் பட்டை போட்ட பொம்மைய பாத்து வேகத்த குறைக்கவே இல்ல, அப்படியே போய் இடிச்சுச்சு. பட்டை போட்டா மனுஷக் கண்ணுக்கு தூரத்துலயே பளிச்சுன்னு தெரியும், அதே பட்டை அந்த கேமராவுக்கு ஆளோட உருவத்த துண்டு துண்டா ஆக்கிருது போல. நாம எத போட்டா பாதுகாப்புன்னு நம்புறோமோ அத போட்டதும் வண்டிக்கு நாம ஆளாவே தெரியல.

இத குரூப்ல போட்டதும் சித்தப்பா ஒருத்தரு "அப்ப ஜாக்கெட்டே வேணாமா தம்பி, ஆர்டர கேன்சல் பண்ணிரவா"ன்னு கேட்டுட்டாரு. ஐயோ இல்ல சித்தப்பா. நம்ம ரோட்டுல ஓடுற நூறு வண்டில தொண்ணூத்துக்கு மேல அடாஸே இல்லாத வண்டி, அதுல லாரி, டிராக்டர், டூரிஸ்ட் வேன், பழைய ஆம்னி எல்லாம் அடக்கம். அதையெல்லாம் ஓட்டுறது மனுஷன், அவன் கண்ணுக்கு அந்த ஜாக்கெட் தான் உசுரு.

எப்படின்னு ஒரு கணக்கு போட்டு பாத்துருவோம். 80ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போகும். கண்ணுல பட்டு, மூளைக்கு ஒறச்சு, கால் பிரேக்குக்கு போறதுக்கு ஒன்றரை செகண்டுன்னு வச்சுக்குங்க, அதுலயே 33 மீட்டர் காலி. அப்புறம் காஞ்ச ரோட்டுல நல்ல டயரோட அமுக்கி பிடிச்சா இன்னும் ஒரு 36 மீட்டர். ஆக மொத்தம் 70 மீட்டர் கிட்ட வந்துருச்சு. லோ பீம்ல கருப்பு டிரஸ் போட்ட ஆளு தெரியுறது 40, 50 மீட்டர்ல தான். அப்ப 80ல வந்தா, ஓட்டுறவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் நிறுத்த முடியாது, பாக்கும்போதே நேரம் போயிருச்சு. 60ல வந்தா இதே கணக்கு 45 மீட்டர் தான் வரும், தப்பிக்கலாம். ஒளிர்ற பட்டை போட்டிருந்தா நூறு மீட்டருக்கு அங்குட்டே ஏதோ மினுக்குதுன்னு தெரிஞ்சுரும், 80ல வர்றவனும் கால எடுத்துருவான். அந்தப் பட்டைய முதுகுல மட்டும் போடாம கணுக்காலுலயும் கையிலயும் கட்டுனா இன்னும் விசேஷம், ஏன்னா மேலயும் கீழயும் ஆடுற வெளிச்சத்த பாத்ததும் இது போஸ்ட்டு இல்ல, நடக்குற ஆளுன்னு மனுஷ மூளைக்கு சட்டுனு புரிஞ்சுரும்.

இதுல நம்ம ஆளுக பண்ற கூத்து ஒன்னு இருக்கு. ஜாக்கெட்ட போட்டுக்குவாங்க, குளிருக்கு அதுக்கு மேல சால்வைய போத்திக்குவாங்க. முடிஞ்சது கதை. எங்க ஆத்தாகிட்ட போன வருஷமே சொன்னேன், "மொதல்ல சால்வ ஆத்தா, மேல ஜாக்கெட்டு"ன்னு. "சாமி துணைக்கு வருதுடா, நீ பேசாம வா"ன்னு ஒரே போடு. சாமி துணைக்கு வருது சரி, லாரிக்காரன் கண்ணுக்கு நாம தெரியணும்ல.

சரி, மச்சான் கார் விஷயத்துக்கு வர்றேன். அதுல ரெண்டு வசதி இருக்கு, நடக்குற கூட்டத்துக்கு பக்கத்துல ஓட்டும்போது ரொம்ப கவனமா இருக்கணும், இத அவரு வண்டி கூடவே நான் போனப்ப கண்ணால பாத்தேன். லேன் கீப் அசிஸ்ட்டுன்னு ஒன்னு. கோட்ட தாண்டுனா ஸ்டியரிங்க தானா இழுத்து கோட்டுக்குள்ள வைக்கும், தூக்கத்துல ரோட்ட விட்டு எறங்குற ஆளுக்கு நல்ல மருந்து. ஆனா எடது ஓரத்துல ஆளுக வரிசையா நடக்குறாங்கன்னு நாம கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கி போவோம்ல, இண்டிகேட்டர் போடாம ஒதுங்குனா அது நம்ம தூங்குறோம்னு நெனச்சுக்கிட்டு ஸ்டியரிங்க எடது பக்கமே இழுக்கும். ஆளுக இருக்குற பக்கமே! லேசான இழுப்பு தான், கைய இறுக்கி பிடிச்சா நம்ம சொன்னபடி போகும், ஆனாலும் எனக்கு பகீர்னு இருந்துச்சு. மச்சான் சிரிச்சுக்கிட்டே "அதுக்கு தான் மாப்ளே இண்டிகேட்டர்"னாரு. சரி தான், நம்ம ஊர்ல ஒதுங்கி போறதுக்கு எவன் இண்டிகேட்டர் போடுறான்.

கோடு இருக்குற ரோட்டுல தான் இந்த கதையும். கோடு அழிஞ்சு போன கிராமத்து ரோட்டுல, கானாடுகாத்தான் உள் ரோடு மாதிரி தார் முடிஞ்சு ஒரு சாண் பள்ளத்துல செம்மண் ஆரம்பிக்குற எடத்துல, அது "கோடு தெரியல"ன்னு சொல்லிட்டு பேசாம இருந்துரும். நாலு வழி ரோட்டுல ஜம்முனு வேல செய்யுது.

இன்னொன்னு ஆட்டோ ஹை பீம். எதிர வர்ற வண்டியோட ஹெட்லைட்டையோ முன்னாடி போற வண்டியோட டெயில் லைட்டையோ பாத்தா தானா லோ பீமுக்கு எறக்கிரும். நடக்குற ஆளுகிட்ட ஹெட்லைட்டும் இல்ல டெயில் லைட்டும் இல்ல, அதனால பெரும்பாலான வண்டி எறக்காது. எதுத்தாப்ல நடந்து வர்றவங்க கண்ணு கூசி, கால் எங்க வைக்குறோம்னே தெரியாம தடுமாறுவாங்க. கூட்டத்த பாத்தா கையாலயே எறக்கிருங்க.

இதுக்கு மேல எது நெசமாவே நம்ம ரோட்டுல உசுர காப்பாத்தும்னு என்னைய கேட்டா நான் கை காட்டுறது தூக்கத்த கண்டுபிடிக்குற கருவிய. ராத்திரி ரெண்டுலருந்து அஞ்சு வரைக்கும் நம்ம பக்கம் ஓடுற வண்டிய யோசிச்சு பாருங்க. ராமேஸ்வரத்துல தீர்த்தமாடிட்டு தேவகோட்டை வழியா திரும்புற டூரிஸ்ட் வேன், பழனி போயிட்டு பிள்ளையார்பட்டிக்கு காலைல நட தொறக்குறதுக்குள்ள போயிரணும்னு பறக்குற வேன், முந்தின நாள் முழுக்க ஓட்டுன அதே டிரைவர், பின்னாடி பதினஞ்சு பேரு நல்லா கொறட்ட. அந்த டிரைவருக்கு முன்னாடி நம்ம ஆளுக நடக்குறாங்க. வண்டி ஆள பாக்குதா இல்லையாங்குறதுக்கு முன்னாடி டிரைவர் முழிச்சிருக்கானாங்குறது தான் மொத கேள்வி.

இது ரெண்டு விதமா வேல செய்யும். ஒன்னு ஸ்டியரிங்க கவனிக்குறது, தூக்கம் வர்ற ஆளு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்க அசைக்காம இருந்துட்டு திடீர்னு வெடுக்குனு திருப்புவான், அந்த பழக்கத்த பிடிச்சு காபி கப் படம் போட்டு காட்டும். மெர்சிடிஸ்ல 2009லயே வந்தது இது. இன்னொன்னு டாஷ்போர்டுல ஒரு சின்ன கேமரா டிரைவர் முகத்தயே பாத்துக்கிட்டு இருக்கும், கண் இமை வழக்கத்த விட நேரம் மூடியிருந்தா, தல ஒரு பக்கம் சாஞ்சா கத்தும். இருட்டுல அகச்சிவப்பு வெளிச்சத்த வச்சு பாக்குறதால ராத்திரி பிரச்சன இதுக்கு கெடையாது. ரோட்டுல கோடு வேணாம், தெரு விளக்கு வேணாம், வெளிய என்ன இருந்தாலும் இதுக்கு ஒன்னுமில்ல. இந்த மாதிரி கருவிய பழைய வண்டில கூட பின்னால மாட்டிக்கலாம். நாக்பூர்ல 2021ல ஐராஸ்டேன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு மாநகர பஸ்ல எச்சரிக்கை கருவி மாட்டுனாங்க. அது முன்னாடி இருக்குற வண்டியையும் ஆளையும் பாத்து டிரைவருக்கு கத்துற வகை. அதுல இன்னொரு புத்திசாலித்தனம், எந்த எடத்துல அடிக்கடி கத்துதுன்னு சேத்து வச்சு பாத்தா, விபத்து நடக்குறதுக்கு முன்னாடியே ஆபத்தான எடம் எதுன்னு தெரிஞ்சுரும், போய் ரோட்ட சரி பண்ணலாம். நம்ம பக்கம் திருப்பத்தூர், காரைக்குடி டெப்போ பஸ்ல இத மாட்டுனா எந்த வளைவுல எந்த கிராமத்து திருப்பத்துல கத்துதுன்னு ஒரு மேப்பே கெடச்சுரும்னு எனக்கு ஒரு ஆச.

சும்மா ஆசையில்ல இது. 2022ல மட்டும் நாடு முழுக்க ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேரு. அதுல நடந்து போனவங்க மட்டும் 32,825. டூவீலர்ல போனவங்க 74,897. விபத்து எண்ணிக்கைல அந்த வருஷம் நம்ம தமிழ்நாடு தான் முதலிடம், 64,105 விபத்து, அதுல செத்தது 17,884 பேரு. நடக்குறவங்களையும் டூவீலரையும் கூட்டி பாருங்க, செத்தவங்கள்ல பாதிக்கும் மேல காருக்கு வெளிய இருந்தவங்க.

இப்ப அந்த ஃபைவ் ஸ்டார் கதைய சொல்றேன். 2023 அக்டோபர்ல இருந்து நம்ம நாட்டுலயே பாரத் என்சிஏபின்னு கார இடிச்சு பாத்து ஸ்டார் குடுக்குறாங்க. ரொம்ப நல்ல விஷயம், வாங்குறவன் கேட்டு வாங்குறான், கம்பெனிகளும் தகரத்த கெட்டியாக்குறான். ஆனா அந்த ஸ்டார்ல பெரும் மார்க்கு உள்ள உக்காந்திருக்குற பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன ஆகுதுங்குறதுக்கு தான். இருட்டுல நடந்து போற எங்க ஆத்தாவ பாத்து வண்டி நிக்குமாங்குறதுக்கு அந்த ஸ்டார்ல பதில் கெடையாது. ஷோரூம் தம்பிய குத்தம் சொல்லல, அவருக்கு சொல்லிக் குடுத்தத தான சொல்லுவாரு. அமெரிக்கால 2024 ஏப்ரல்ல ஒரு விதி போட்டாங்க, 2029 செப்டம்பருக்குள்ள எல்லா புது காரும் ஆளப் பாத்து தானா பிரேக் போடணும், பகல்லயும் சரி இருட்டுலயும் சரின்னு. இருட்டுலயும்ங்குற அந்த ஒரு வார்த்தைய நம்ம ஊர் விதிலயும் பாக்கணும்னு இருக்கு எனக்கு.

வழி இல்லாமயும் இல்ல. வெப்பத்த பாக்குற கேமரா இருக்கு, 2000 மாடல் காடிலாக்லயே வந்துருச்சு. தை மாசத்து ராத்திரில ரோடு சில்லுனு இருக்கும், மனுஷன் 37 டிகிரில சூடா நடந்து போவான், அந்த கேமராவுக்கு ஆளு கார்த்திகை தீபம் மாதிரி பளிச்சுன்னு தெரிவான், அவன் என்ன டிரஸ் போட்டிருந்தாலும் சால்வைய போத்தியிருந்தாலும். வெல தான் இடிக்குது, அதனால பெரிய பணக்கார வண்டிலயே நின்னுபோச்சு.

டூவீலர் பக்கமும் ஒரு வார்த்த சொல்லிறணும். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல உள்ள புது பைக்குக்கு ஏபிஎஸ், அதாவது பிரேக் அமுக்குனா சக்கரம் லாக் ஆகாம தடுக்குற வசதி, கட்டாயம், அதுக்கு கீழ சிபிஎஸ் இருந்தா போதும்னு விட்டுட்டாங்க. நம்ம ஊர் சந்தைக்கு வர்ற வண்டி எல்லாமே அந்த போதும்ங்குற வகை தான். மணல் படிஞ்ச ரோட்டுல ஆடு குறுக்க வந்து அமுக்குனா சக்கரம் லாக் ஆகி ஆளோட சாயும், சிபிஎஸ் ரெண்டு பிரேக்கையும் சேத்து பிடிக்குமே தவிர லாக்க தடுக்காது. 2017ல இருந்து டூவீலர்ல ஹெட்லைட் எப்பவும் எரியுற மாதிரி பண்ணாங்கல்ல, ஆரம்பத்துல ஆளாளுக்கு "தம்பி லைட்டு எரியுது"ன்னு கைய ஆட்டி ஆட்டி சொன்னாங்க, அந்த மாதிரி ஓட்டுறவன் ஒன்னுமே பண்ணத் தேவையில்லாத சமாச்சாரம் தான் என் கணக்குல உசத்தி.

மச்சான்கிட்ட இதெல்லாம் பேசி முடிச்ச பிறகு அவரு கோவப்படல, கொஞ்சம் மொகம் சுருங்குச்சு அவ்வளவு தான், காசு போட்டவருல்ல. இந்த வருஷம் எங்க கூட்டத்துக்கு பின்னாடி தண்ணி, மருந்து எல்லாம் ஏத்திக்கிட்டு அவரு கார் தான் வருது. லேன் கீப்ப ஆஃப் பண்ணி, ஹை பீம கையில வச்சுக்கிட்டு, 30க்கு மேல போகாம வர்றதா பேச்சு. பிரேக் போடுற வசதி ஆன்லயே இருக்கட்டும், அது பாத்தா லாபம். ஓட்டுறதுக்கு ரெண்டு பேரு, மாத்தி மாத்தி, ஒருத்தரு தூங்கி எந்திரிச்ச பிறகு தான் அடுத்தவரு.

நடக்குறவங்களுக்கு குரூப்ல போட்டதையே இங்கயும் போடுறேன். சால்வ உள்ள, ஜாக்கெட் வெளிய. எதிர வர்ற வண்டிய பாத்தாப்ல ரோட்டோட வலது ஓரமா ஒத்த வரிசைல நடங்க, பேச்சு சுவாரஸ்யத்துல மூணு பேரு கைகோத்து நடக்காதீங்க. வரிசைல மொத ஆளுகிட்ட டார்ச், கடைசி ஆளு பையில சைக்கிளுக்கு மாட்டுற செகப்பு மினுக்கு லைட்டு, முழங்கால் ஒசரத்துல தொங்குற மாதிரி. காரைக்குடில சைக்கிள் கடைலயே கெடைக்கும், வாங்கும்போது யுஎஸ்பில சார்ஜ் போடுறதா பாத்து வாங்குங்க, செல் போடுறது நத்தம் போறதுக்குள்ள மங்கிருது.